மக்லூஃப் வீட்டுக் கதவு

சோலிக்கா புஸ்கிலா ஒவ்வொரு வருடமும் யூதர்களின் பாஸ்கா பண்டிகை முடிந்து நடக்கிற கூட்டத்தில் ஒரே வசனத்தைச் சொல்வாள். "இதுதான் என் கடைசி வருஷம். வேற ஆளைப் பார்த்துக்குங்க." உடனே சங்கக் கமிட்டியில் இருக்கிற ஏழு பேரும் பதறுவார்கள். ஒருத்தர் அவள் கையைப் பிடிப்பார், ஒருத்தர் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். "நீங்க போயிட்டா இந்தக் கிழடுகளுக்கு யாரு இருக்கா?" என்பார் தலைவர் ஆர்மான் துலெதானோ. அவள் கொஞ்ச நேரம் பிகு பண்ணிவிட்டு, "சரி, இன்னும் ஒரே ஒரு வருஷம்" என்று உட்கார்ந்துவிடுவாள். பத்துப் பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வருடமும் சொன்னாள். ஆர்மான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பல் மருத்துவர். வலிக்கப்போகிற விஷயத்தை எப்போதும் மெதுவாகத்தான் சொல்வார்.

"உங்க முடிவை மதிக்கிறோம், சோலிக்கா. எழுபத்தோரு வயசுல உங்களை இன்னும் மாடி ஏற வைக்கிறது எங்களுக்கே அசிங்கமா இருக்கு" என்றார்.

ஏழு பேரும் கைதட்டினார்கள். சோலிக்காவின் முகத்தில் சிரிப்பு மட்டும் எப்படியோ நின்றது.

மொரோக்கோவின் காசாபிளாங்காவில் பிள்ளைகள் பாரிசுக்கும் மொன்றியலுக்கும் இஸ்ரேலின் அஷ்தோதுக்கும் போய்விட, தனியாக நின்றுபோன யூதக் கிழவர் கிழவிகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற சங்கம் அது. இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால் அவள் தன் வீட்டு அடுப்பில், ஒரே ஒரு பானையில் ஆரம்பித்தது. இப்போது தனிச் சமையற்கூடம், வேன், நாற்பத்து மூன்று வீடுகள். திங்கள், புதன், வெள்ளி சாப்பாடு போகும். வெள்ளிக்கிழமை மட்டும் சனிக்கிழமை ஓய்வுநாளுக்கான ஸ்கீனா: கொண்டைக்கடலை, மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கோடு ராத்திரி முழுக்கக் கொதித்து, ஓடு பழுப்பேறிய முட்டையும் சேர்ந்தது. எந்த வீட்டுக்கு உப்பு ஆகாது, எந்த வீட்டில் அழைப்பு மணி ரிப்பேர், எந்தக் கிழவிக்கு மகன் போன் பண்ணாத வாரம் என்பதெல்லாம் சோலிக்காவின் தலைக்குள் இருந்தது. தாளில் இருந்தது விலாசம் மட்டும்தான்.

புதிதாக வந்தவள் முரியேல் செபாக். நாற்பத்தைந்து வயது, பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவள். ஒரு தடி நோட்டோடு ஒரு வாரம் தினமும் சோலிக்கா வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

சோலிக்கா சொல்லத்தான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துணுக்கை உள்ளே வைத்துக்கொண்டாள். கெட்ட எண்ணம் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. நாலு தரம் போன் பண்ணட்டுமே, 'மேடம், இதுக்கு என்ன செய்யணும்'னு கேட்கட்டுமே, அவ்வளவுதான்.

முப்பத்தாறாவது வீடு மக்லூஃப் அஸ்ரானுடையது. பழைய ரயில்வே குமாஸ்தா, எண்பத்தாறு வயது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடி. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது, கீழே பிளாஸ்டிக் சாமான் கடை. நாலு வருடத்துக்கு முன்னால் இரண்டு பேர் முதலில் போன் பண்ணி, பிறகு வந்து, கேஸ் கம்பெனியிலிருந்து வருகிறோம் என்று உள்ளே நுழைந்து, அவரை நாற்காலியில் கட்டிப்போட்டுவிட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து மனிதர் போனும் எடுப்பதில்லை, கதவும் திறப்பதில்லை. யார் தட்டினாலும் "வேண்டாம், போ" என்று உள்ளேயிருந்தே குரல் வரும். ஒரு தந்திரம் சோலிக்காவுக்கு மட்டும் தெரியும். கதவோரம் வாயை வைத்து, "முசியே மக்லூஃப், இத்தோ சாப்பாடு அனுப்பியிருக்கா" என்று சொல்ல வேண்டும். இத்தோ அவருடைய மனைவி, செத்து ஒன்பது வருடமாகிறது. அந்தப் பெயரைக் கேட்டால் தாழ்ப்பாள் ஒவ்வொன்றாக விலகும். தெரு குறுகல் என்பதால் டிரைவர் பூஷைப் வேனை விட்டு இறங்கமாட்டார். மாடி ஏறுகிறவள் சோலிக்காதான். ஆகவே அந்த வார்த்தையைக் கேட்ட வேறு காது கிடையாது.

"இவருக்கு என்ன எழுதிக்கட்டும், மேடம் சோலிக்கா?" என்று கேட்டாள் முரியேல்.

சோலிக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. "கொஞ்சம் பிடிவாதக்காரர். விடாம தட்டு" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

முரியேல் அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டாள். பொறுப்பு கை மாறியது யூதர்களின் பெருநோன்புக்கு ஐந்து வாரம் முன்னால், செப்டம்பரில், ஒரு திங்கட்கிழமை.

அந்தத் திங்கட்கிழமை சோலிக்கா போனைச் சமையலறைக்கும் கூடத்துக்கும் கூடவே எடுத்துக்கொண்டு திரிந்தாள். மணி அடிக்கவேயில்லை. நாற்பத்து மூன்று வீட்டுக்கும் ஒரு கேள்விகூட இல்லாமல் சாப்பாடு போய்விட்டது என்றால் இருபத்து நாலு வருடம் அவள் செய்தது என்ன? ராத்திரி தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மணி அடித்தது. திரையில் முரியேலின் பெயர். சோலிக்கா பார்த்தாள். எடுக்கவில்லை. 'பன்னிரண்டு வருஷம் போகாதே போகாதேன்னு கெஞ்சினவங்க, இப்ப கைதட்டினாங்களே. கொஞ்சம் தவிக்கட்டும்.' போன் அடித்து ஓய்ந்தது. அவள் கையிலிருந்த பீன்ஸை ஆய்ந்து முடித்தாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி அழைப்பு, அப்புறம் ஒரு செய்தி. "மேடம், முசியே அஸ்ரான் திங்கள், புதன் ரெண்டு நாளும் கதவைத் திறக்கல. இன்னைக்கும் வேண்டாம் போங்கறார். உள்ள ரேடியோ ஓடுது. என்ன செய்யட்டும்?"

சோலிக்கா அதை இரண்டு தரம் படித்தாள். ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் எழுதிவிட்டால் அந்த வரி முரியேலுடையதாகிவிடும். அப்புறம் யாருக்கும் அவள் வேண்டாம். 'அவர் அப்படித்தான். பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வா. பசித்தால் எடுத்துக்கொள்வார்' என்று அனுப்பினாள். அனுப்பிவிட்டு, மொஹம்மதியாவில் இருக்கிற தங்கை வீட்டுக்கு ஓய்வுநாளைக் கழிக்கப் போய்விட்டாள். அங்கே மீனும் சாலட்டும் நன்றாகத்தான் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால், "லல்லா சோலிக்கா!" என்று மரியாதையாக ஒரு குரல். டிரைவர் பூஷைப். பதினேழு வருடம் அவளை வேனில் ஏற்றிக்கொண்டு சுற்றியவர்.

"என்ன லல்லா, எங்களையெல்லாம் விட்டுட்டு தக்காளியோட குடும்பம் நடத்துறீங்களா?" என்று சிரித்தார்.

"புது முதலாளியம்மா எப்படி?"

"நல்லவங்கதான். பாவம், அந்த மூணாவது மாடி மனுசன்தான் அவங்களை அழ வைக்கிறார். ஒரு வாரமா கதவே திறக்கலையாம். நேத்து அந்தப் பக்கம் போனேன், சரி பார்ப்போம்னு ஏறினேன். வெள்ளிக்கிழமைப் பை அப்படியே கைப்பிடியில தொங்குது, லல்லா. தட்டினேன், சத்தமே இல்ல. தூங்குறார்னு வந்துட்டேன்."

சோலிக்காவின் கையிலிருந்த தக்காளி கூடைக்குள் விழவில்லை, தரையில் விழுந்தது. "வண்டி எங்க?" என்றாள்.

மூன்று மாடியையும் அவள் எப்படி ஏறினாள் என்று பூஷைப் பிறகு எல்லாரிடமும் ஆச்சரியப்பட்டுச் சொல்வார். பை தொங்கிக்கொண்டிருந்தது, ஸ்கீனா புளித்த வாடை. சோலிக்கா கதவில் கன்னத்தை வைத்தாள்.

"முசியே மக்லூஃப், இத்தோ சாப்பாடு அனுப்பியிருக்கா. முசியே மக்லூஃப்!"

உள்ளே ரொம்ப தூரத்திலிருந்து வருவது போல ஒரு முனகல். "வர முடியல... சொல்லு அவகிட்ட... வர முடியல."

பூஷைப் தோளால் இடித்தார். நாலாவது இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. சமையலறைத் தரையில் மக்லூஃப் ஒருக்களித்துக் கிடந்தார். பக்கத்தில் கவிழ்ந்த முக்காலி. மேல் அலமாரியில் இருந்த மத்தி மீன் டப்பாவை எடுக்க ஏறியிருக்கிறார். ஐந்து நாளாக டீயிலும் சர்க்கரையிலும் காய்ந்த ரொட்டியிலும் காலம் தள்ளியவருக்கு முக்காலியில் ஏறியதும் தலை சுற்றியிருக்கிறது. விழுந்தது சனிக்கிழமை காலை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே கிடந்திருக்கிறார்.

ஆம்புலன்சில் அவர் சோலிக்காவின் விரலை விடவேயில்லை.

ஊர் முழுக்க ஒரே பேச்சு. சோலிக்கா இருந்தவரைக்கும் ஒரு கிழவருக்குக் கீறல் உண்டா? அவள் போய் ஒரே வாரம், ஒரு மனுஷன் பட்டினியில் விழுந்து கிடக்கிறான். கடைசியில் யார் காப்பாற்றினார்கள்? அவள்தான்! இறைச்சிக்கடையில் வரிசையில் நின்ற பெண்கள் அவளுக்கு வழி விட்டார்கள். யாரோ அவள் கையை முத்தமிட்டார்கள். சோலிக்கா அந்தக் கையைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வியாழக்கிழமை ஆர்மான் ஒரு பெட்டி பாதாம் கேக்கோடு வந்தார்.

"முரியேல் ராஜினாமாக் கடிதம் கொடுத்துட்டா. அழுதுக்கிட்டே கொடுத்தா. ஞாயித்துக்கிழமை கூட்டம். நீங்க திரும்பி வரணும் சோலிக்கா. நாங்க கைதட்டினது தப்பு. உங்களை விட்டா ஆள் இல்லைன்னு கடவுளே காட்டிட்டார்."

ஐந்து மாதமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தைகள். ஒன்று விடாமல் எல்லாம் வந்துவிட்டன. சோலிக்கா டீ ஊற்றினாள். பாதி தட்டில் போயிற்று.

"கடவுளை ஏன் இழுக்குறீங்க?" என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

அந்த மூன்று நாளும் அவள் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினாள். சொல்லாமல் விட்டது குற்றமா? அந்தப் பெண்ணும் கொஞ்சம் யோசித்திருக்கலாமே? உள்ளே ஒரு மனிதர் சாப்பிடவில்லை என்று தெரிந்தும் பையை மாட்டிவிட்டு வருவார்களா? இந்த இடத்தில் வாதம் நின்றுவிடும். மாட்டிவிட்டு வரச் சொன்னது யார்? போனை எடுத்துத் தன் செய்தியைப் பார்ப்பாள். அழித்துவிடலாம், ஆனால் முரியேலின் போனிலும் அது இருக்கும். முரியேல் அதை யாரிடமும் காட்டவில்லை என்பதுதான் அவளை உலுக்கியது.

கூட்டத்தில் முரியேல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஆர்மான் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்ததும் சோலிக்கா எழுந்தாள்.

"அதைப் படிக்காதீங்க. அந்தக் கதவைத் திறக்க ஒரு வார்த்தை இருக்கு. எனக்குத் தெரியும். இவ கேட்டா. நான் சொல்லல."

ஆர்மான்தான் முதலில் சமாளித்தார். "வயசாகுது இல்லையா, சோலிக்கா. நாற்பத்து மூணு வீடு. ஒண்ணு மறந்துபோறது சகஜம்..."

நல்ல மனிதர். ஒளிந்துகொள்ளப் போர்வையை நீட்டினார். பிடித்துக்கொண்டால் போதும், எல்லாரும் 'ஐயோ பாவம்' என்று எழுந்து வந்து கட்டிக்கொள்வார்கள்.

"மறக்கல" என்றாள் சோலிக்கா. "நாக்கு வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். புதன்கிழமை போன் பண்ணினா. பார்த்துக்கிட்டே இருந்தேன், எடுக்கல. வெள்ளிக்கிழமை, பையை மாட்டிட்டு வான்னு நான்தான் எழுதினேன். இவ தவிக்கணும், நீங்க எல்லாரும் என்னைத் தேடணும். அதுக்குத்தான்."

ஓர் அம்மாள், "அடிப் பாவி" என்றாள், மெதுவாக.

முரியேல் எழுந்து வந்தாள். அறைந்துவிடுவாள் என்றுதான் சோலிக்கா நினைத்தாள்; அறைந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நான் எட்டு நாளா தூங்கல" என்றாள் முரியேல். "என் பொண்ணு என்னைப் பார்த்து, நீ அந்தத் தாத்தாவைக் கொன்னுட்டியாம்மான்னு கேட்டா. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"இப்ப தெரிஞ்சுக்குங்க." ஆர்மானிடமிருந்து கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு சமையற்கூடத்துக்கு வாங்க. நாற்பத்து மூணு வீட்டையும் முதல்லேர்ந்து சொல்லணும். ஒண்ணு விடாம. அதுக்கப்புறம் அங்க வரவேண்டாம்."

"என்னை மன்னிக்கச் சொல்லி..."

"பத்து மணிக்கு வாங்கன்னேன்."

மறுநாள் போனாள். சாயங்காலம் வரை சொன்னாள். முரியேல் தலை நிமிராமல் எழுதினாள். பத்தொன்பதாவது வீடு, மேடம் ஹனினா என்று வந்தது. "இவளுக்கு ஸ்கீனாவுல முட்டை வைக்காதே. பிடிக்காது, தொடாம திருப்பி அனுப்பிடுவா. பதினோரு வருஷமா நான் வைக்கிறதேயில்ல" என்றாள் சோலிக்கா.

முரியேலின் பேனா நின்றது. "அவங்களுக்கு முட்டைன்னா உயிர். விரல் மடங்கிப்போச்சு, ஓடு உரிக்க வரல. சொல்ல வெக்கம். நான் அங்கேயே உட்கார்ந்து உரிச்சுக் கொடுத்தேன். ரெண்டு சாப்பிட்டாங்க."

"என்கிட்ட சொல்லவேயில்லையே."

"நீங்க கேட்டீங்களா?"

பதினோரு வருடத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை என்று சோலிக்காவின் மனம் எண்ணப் போயிற்று. வேண்டாம் என்று இழுத்துப் பிடித்தாள். "இருபதாவது வீடு" என்றாள்.

மக்லூஃபை ஆஸ்பத்திரியிலிருந்து முதியோர் இல்லத்துக்கு மாற்றியிருந்தார்கள். இனி மாடி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெருநோன்புக்கு முந்தின வாரம் சோலிக்கா அவரைப் பார்க்கப் போனாள். நோன்புக்கு முன்னால், தீங்கு செய்தவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். மனிதருக்குச் செய்ததைக் கடவுள் தள்ளுபடி செய்யமாட்டார்.

அவர் சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். "வா வா, என் உயிரைக் காப்பாத்தின மகராசி" என்றார்.

அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முடித்த பிறகு அவர் தலை நிமிர்ந்தார்.

"இத்தோ அனுப்புறான்னு நான் நம்பினேன்னா நினைச்சே?" என்று கேட்டார்.

சோலிக்கா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவளை மண்ணுல இறக்கினவன் நான். எனக்குத் தெரியாதா? அவ பேரை இந்த ஊர்ல சத்தமாச் சொல்றதுக்கு உன்னை விட்டா ஒரு ஆள் கிடையாது. வாரத்துக்கு மூணு தரம் அதைக் கேட்கத்தான் கதவைத் திறந்தேன். அந்தப் புதுப் பொண்ணு, நல்ல குரல்தான், முசியே அஸ்ரான் முசியே அஸ்ரான்னு கூப்பிட்டா. அந்தக் கேஸ்காரப் பயலுகளும் அப்படித்தான் கூப்பிட்டாங்க."

"என்னை மன்னிச்சிடுங்க, முசியே மக்லூஃப்."

"நான் திரும்ப என் வீட்டுக்குப் போவேனா?"

"இல்ல."

"பொய்யாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "எந்திரிச்சு நடந்தா மன்னிக்கிறதைப் பத்தி யோசிக்கிறேன். என் பழுப்பு ஷூவைக் கொண்டுவா. வீட்டுல கட்டிலுக்கு அடியில இருக்கு."

அவர் நடக்கப்போவதில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். சாவியை வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

மறுநாள் காலை பூஷைப் அவளை அந்தத் தெருவில் இறக்கிவிட்டார். சந்தையில் பார்த்தபோது அடித்த கேலியெல்லாம் இப்போது அவரிடம் இல்லை. விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. "இங்கேயே நிக்கிறேன், லல்லா" என்றதோடு சரி.

உடைந்த தாழ்ப்பாளுக்குப் பதில் கமிட்டிக்காரர்கள் புதுப் பூட்டு போட்டுச் சாவியை அவரிடம் கொடுத்திருந்தார்கள். ஷூ கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. பளபளவென்று, உள்ளே செய்தித்தாள் திணித்து. எடுத்துக்கொண்டு கிளம்பினவள் சமையலறை வாசலில் நின்றாள். கதவின் உட்புறம் இறைச்சிக்கடைக்காரர் கொடுக்கிற காலண்டர் தொங்கியது. திங்கள், புதன், வெள்ளி ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். சாப்பாடு வந்த நாளில் வட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு. முந்தின தாள்களைத் தூக்கிப் பார்த்தாள்; ஜனவரியிலிருந்து ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. செப்டம்பருக்கு வந்ததும், அவள் விலகிய வாரத்து மூன்று வட்டங்களும் அதற்குப் பிந்தியவையும் காலியாக இருந்தன.

அவள் அடுத்த தாள்களையும் புரட்டினாள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் கடைசி வெள்ளி வரைக்கும் வட்டங்களை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். அவளை எதிர்பார்த்து.

கீழே யாரோ வேனை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். பூஷைப் பதிலுக்கு ஏதோ திட்டினார். சோலிக்கா ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு, தாளைப் பழையபடி செப்டம்பருக்குத் திருப்பிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள்.